பார்த்துக்கொண்டு நின்றவர்கள்

(சங்கப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற பள்ளி ஆலோசக ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 அத்தா, அம்மா சொன்னதற்காக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, சாப்பாட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதுவரை என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்விழா என்றால் பழைய பெருமைகளைப் பேசுவதுதான் வழக்கம். கொட்டகையில் தொடங்கி இன்று மாடிக் கட்டடம் வரை வந்த கதையை எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் செயலாளர் கொடுத்த தலைப்பு, பள்ளிக்கூடங்களில் பகடிவதை. தொலைபேசியில் அழைத்தபோது, “பிள்ளைகளுக்குப் புத்திமதி மாதிரி ஒரு பத்து நிமிடம் பேசினால் போதும் சார்” என்றார். புத்திமதி பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் இந்த விஷயம் புத்திமதியால் தீரக்கூடியதாக இருந்தால், 2004ஆம் ஆண்டிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், இதே சிரம்பானில், ஒரு சமய இடைநிலைப்பள்ளியின் விடுதியில் 16 வயது மாணவர் ஒருவர் மூத்த மாணவர்களால் அடிக்கப்பட்டு இறந்துபோனார். சமயப் பள்ளி. தொழுகைக்குக் குறைவில்லை, ஓதலுக்குக் குறைவில்லை, நல்லுரைக்கும் குறைவிருந்திருக்காது. அடித்தவர்களும் யாரோ வீதியில் திரிந்த காவாலிகள் அல்லர். அத்தா அம்மா நம்பி அனுப்பிவைத்த பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நாடு முழுவதும் எல்லோரும் கேட்ட கேள்வி, அடித்தவர்கள் எப்படி இப்படி ஆனார்கள் என்பது. எனக்கு அன்றிலிருந்து வேறு ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. விடுதி என்பது நூறு பேர் படுத்துறங்கும் இடம். சுவர் மெல்லியது. மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

2017 ஜூன் மாதத்திலும் இதே கேள்விதான். மாதத்தின் முதல் நாள், தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 21 வயது கடற்படைப் பயிற்சி மாணவர் இறந்தார். மடிக்கணினியைத் திருடினார் என்று சந்தேகித்து, உடன் படித்தவர்களே இஸ்திரிப் பெட்டியால் சுட்டிருந்தார்கள். அவர் மலாய்க்காரர். சரியாக இரண்டு வாரத்தில், பினாங்கில் 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், தெரிந்த பையன்களால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் உயிர்விட்டார். ஒரு தாய் மலாயில் அழுதார், ஒரு தாய் தமிழில் அழுதார். பல்கலைக்கழக வழக்கில் கடைசியில் 18 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பதினெட்டுப் பேர்! அத்தனை பேரில் ஒருவருக்காவது ‘போதும், விடுங்கடா’ என்று சொல்ல வாய் வந்து, மற்றவர்கள் அதைக் கேட்டிருந்தால் அந்தப் பையன் இன்று அதிகாரியாக இருந்திருப்பான்.

இவையெல்லாம் பெரிய செய்திகள், நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். 2018ஆம் ஆண்டு பிசா எனும் அனைத்துலக ஆய்வில் நம் நாட்டு 15 வயது மாணவர்களில் 36 விழுக்காட்டினர், மாதத்தில் சில தடவையாவது பகடிவதைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆய்வை நடத்தும் அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 23 விழுக்காடு. இந்த மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளை எண்ணி, மூன்றில் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள்.

பகடிவதை என்ற சொல் நம் மலேசியத் தமிழில் நன்றாக வாய்த்திருக்கிறது. பகடி என்றால் கேலி. வதை என்றால் சித்திரவதை. செய்கிறவனைக் கேட்டால் பகடி என்பான். படுகிறவனைக் கேட்டால் வதை என்பான். இருபத்தைந்து ஆண்டுகளில் என் அறைக்குக் கொண்டுவரப்பட்ட பையன்களில் பாதிப் பேர் சொன்ன முதல் வாக்கியம், “சும்மா விளையாட்டுக்குத்தான் சார்” என்பதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது விளையாட்டாகவே பட்டிருக்கிறது. அடுத்தவன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை.

எல்லாச் சண்டையும் பகடிவதை ஆகாது. சம பலமுள்ள இரண்டு பையன்கள் பந்துக்காகக் கட்டிப் புரண்டால் அது சண்டை. மறுநாள் சேர்ந்து விளையாடுவார்கள். நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களிலிருந்து இதை ஆராய்ந்து, மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. அந்த நாட்டில் 1982ஆம் ஆண்டின் கடைசியில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, மறு ஆண்டு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. எந்த நாட்டிலும் பிள்ளைகள் செத்தால்தான் பெரியவர்களுக்குக் காது கேட்கிறது போலும்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இன்று உங்களிடம் சொல்ல வந்த விஷயம். கனடாவின் தோரந்தோ நகரில் ஆய்வாளர்கள் பள்ளித் திடலில் கேமராவும் பிள்ளைகள் சட்டையில் ஒலிவாங்கியும் வைத்து, இடைவேளையில் உண்மையாக என்ன நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். பகடிவதை நடந்த நேரங்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது தடவை சுற்றி வேறு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கிட்டது ஐந்தில் ஒரு தடவைதான். ஆனால் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை, 10 விநாடிக்குள் அது நின்றுவிட்டது. பத்து விநாடி! தலைமையாசிரியர் அறைக்கு நடந்துபோக எடுக்கும் நேரம்கூட இல்லை. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிறிஸ்டினா சால்மிவல்லியின் குழு உருவாக்கி, 2009 முதல் நாடு முழுக்கக் கொண்டுபோன ‘கிவா’ திட்டமும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. அடிப்பவனையும் அடிபடுபவனையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதோடு நிறுத்தாமல், பார்த்துக்கொண்டு நிற்கும் இருபது பேருக்கும் அடிபடுபவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பார்ப்பவர்கள் சிரிப்பை நிறுத்தினால், ஆடுகிறவனுக்கு மேடை இல்லை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பகாவ் பக்கம் ஒரு பள்ளியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் பலர் இடைநிலைப்பள்ளியில் நேரே முதலாம் படிவத்துக்குப் போக முடியாது. மலாய் மொழித் தேர்ச்சி போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். அப்படி வந்த பையன் ஒருவன். அப்பா பால்மரம் வெட்டுபவர். காலையில் ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய அதே மோட்டார் சைக்கிளில்தான் மகனைப் பள்ளியில் இறக்கிவிடுவார். ஒட்டுப்பால் வாசம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சவர்க்காரம் போட்டுத் துவைத்தாலும் சீருடையை விட்டுப் போகாது. அவன் வகுப்புக்குள் நுழைந்தால் நான்கு பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அடி இல்லை, உதை இல்லை, கெட்ட வார்த்தைகூட இல்லை. மூக்கைப் பிடிப்பது மட்டும்தான். தினமும். மூன்றாம் மாதத்தில் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

மூக்கைப் பிடித்தவர்களில் இரண்டு பேர் நம் பிள்ளைகள், தமிழ் முஸ்லிம் பிள்ளைகள். அதில் ஒருவனுடைய பாட்டனார் அதே தோட்டத்தில் மரம் வெட்டியவர்.

கட்டொழுங்கு ஆசிரியர் கூப்பிட்டுப் பிரம்பால் இரண்டு போட்டார். அதன் பலன் என்ன தெரியுமா? மூக்கைப் பிடிப்பது வகுப்பறையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு இடம் மாறியது. நானும் பையனின் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடம் பேசி, ஒருவழியாகத் திரும்பக் கூட்டிவந்தேன். ஆனால் விஷயத்தை முடித்தது நானுமில்லை, பிரம்புமில்லை. ஃபெல்டா குடியேற்றத்திலிருந்து வரும் ஒரு மலாய்ப் பையன். அவன் அப்பாவும் ரப்பர் வெட்டுபவர். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வந்து தனியாக இருந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, “எங்க அப்பா மேலேயும் இதே வாசம்தான் அடிக்கும்” என்று மலாயில் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். அவ்வளவுதான். அவன் யாரையும் திட்டவில்லை, யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. அந்த வாரத்தோடு மூக்குகள் விடுதலையாயின.

அந்த மலாய்ப் பையனுக்கும் நம் இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன வித்தியாசம்? வாசம் மூன்று பேர் குடும்பத்துக்கும் பழக்கமானதுதான். அவன் வீட்டில் அந்த வாசத்தைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொடுக்கவில்லை. நம் வீட்டில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தோட்டத்தை விட்டு வந்ததும், தோட்டத்தில் இருந்ததையே மறைத்து, “அவன் எஸ்டேட் ஆளு, அப்படித்தான் இருப்பான்” என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால், பிள்ளை வேறு என்ன கற்றுக்கொள்ளும்?

நம் சமூகத்தின் நிலை கொஞ்சம் விசித்திரமானது. தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளை பத்துப் பேரில் ஒருவனாக நின்று ‘துலுக்கன்’ என்று கேட்டிருக்கிறான். தேசியப் பள்ளிக்குப் போனால் அங்கே ‘மாமாக்’, இல்லாவிட்டால் ‘கெலிங்’. தொப்பி போட்டால் ஒரு பெயர், போடாவிட்டால் ஒரு பெயர். இரண்டு பக்கமும் அடிபட்டவன் மத்தளம் மாதிரி. இப்படி அடிபட்டவர்களுக்கு அடுத்தவர் வலி தானாகப் புரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். அனுபவத்தில் நான் பார்த்தது வேறு. வந்தவர்களுக்கும் தெரிவதில்லை. பலர், தனக்கு வந்த தலைவலியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஒரு மாலை நேர ஓதல் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ரொஹிங்யா அகதிப் பிள்ளைகள் நம் நாட்டில் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது. சமூக மையங்களிலும் மதரஸாக்களிலும்தான் நாலு எழுத்து படிக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை அந்த ஓதல் வகுப்புக்கு வந்தான். நம் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘படகு’. “படகு வந்துட்டான்”, “படகு, தள்ளி உட்காரு.” உஸ்தாது அவன் பெயரைக் கேட்டபோது, அவனே “படகு” என்று பதில் சொன்னான். அது பெயர் என்று அவன் நினைத்திருந்தான். கப்பலேறி நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினோராவது வசனத்தை நம்மில் பலர் மனனம் செய்திருக்கிறோம். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைக் கேலி செய்யக் கூடாது, பெண்கள் பெண்களைக் கேலி செய்யக் கூடாது, குத்திப் பேசக் கூடாது, பட்டப்பெயர் வைத்து அழைக்கக் கூடாது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. ராகத்தோடு ஓதுகிறோம். ஓதி முடித்து வெளியே வந்து, பக்கத்து வீட்டுக்காரரை அவர் காலை வைத்தோ நிறத்தை வைத்தோ தொழிலை வைத்தோ குறிப்பிடுகிறோம். தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். அன்போடு வைத்ததும் உண்டு. ஆனால் அதைக் கேட்கும்போது சம்பந்தப்பட்டவர் சிரிக்கிறாரா, சிரிப்பது போல் காட்டுகிறாரா என்று பார்த்தவர்கள் குறைவு.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் ரலியல்லாஹு அன்ஹு மெலிந்த உடம்புக்காரர். ஒரு தடவை மிஸ்வாக் குச்சிக்காக மரத்தில் ஏறியிருந்தபோது காற்றடித்து, அவருடைய குச்சிக் கால்கள் தெரிந்தன. கீழே நின்ற தோழர்கள் சிரித்துவிட்டார்கள். நம் பள்ளித் திடலில் நடப்பது போன்ற அதே காட்சிதான். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் என்ன செய்தார்கள்? எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். காலைப் பார்த்துச் சிரித்தோம் என்றதும், தராசில் அந்தக் கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்று சத்தியமிட்டுச் சொன்னார்கள். இதில் ஓர் ஆசிரியனாக நான் கவனிப்பது, அவர்கள் இப்னு மஸ்ஊதைப் பார்த்து ‘பொறுத்துக்கொள், கண்டுகொள்ளாதே’ என்று சொல்லவில்லை. பேசியது முழுக்கச் சிரித்தவர்களிடம். அந்த இடத்திலேயே, அப்போதே. நாமோ அடிபட்டு வந்த பிள்ளையிடம்தான் அத்தனை உபதேசமும் செய்கிறோம். “நீ ஏன் அங்கே போனே? நீ ஏன் திருப்பிக் கொடுக்கலே? நீ கொஞ்சம் தைரியமா இருக்கணும்.”

தோட்டத்தில் எல்லாம் அன்பாகவே இருந்தது என்று பேசுகிற ஆள் நானில்லை. கிராணி வீட்டுப் பிள்ளையோடு லயத்துப் பிள்ளை விளையாட முடியாது. சாதி இருந்தது. கங்காணி வாயில் வந்த வார்த்தைகளை இந்த மேடையில் சொல்ல முடியாது. பெரட்டுக் களத்தில் அப்பாவுக்கு விழுந்த வசவு, சாயங்காலம் மகன் வாயிலிருந்து தம்பிக்கு விழும். ஆனால் இரண்டு காரியங்கள் அங்கே நடந்தன. அவற்றைத் தொலைத்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

ஒன்று கடை. என் அத்தா தோட்டத்து ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். சம்பளத் தேதி வரைக்கும் எல்லாம் கடன்தான். 555 என்று அட்டையில் போட்டிருக்குமே, அந்தச் சின்னக் கணக்குப் புத்தகம். பாக்கி ஏறிப்போன வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும். கடையில் இன்னும் நாலு பிள்ளைகள் நிற்பார்கள். அத்தா ஒருபோதும் பாக்கியைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் வாய் திறக்க மாட்டார். அரிசியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ராத்திரி கடையடைத்த பிறகு தானே லயத்துக்கு நடந்துபோய் அதன் அப்பாவிடம் பேசுவார். சில நாள் நன்றாகச் சண்டையும் போடுவார். ஏன் பிள்ளையிடமே சொல்லி அனுப்பக் கூடாது என்று நான் ஒருமுறை கேட்டேன். “நாளைக்கு அதுங்க எல்லாம் ஒண்ணாத்தானே இஸ்கூலுக்குப் போகணும்” என்றார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எம்பதி, ஒத்துணர்வு என்றெல்லாம் பயிற்சிப் பட்டறையில் எங்களுக்கு மூன்று நாள் வகுப்பெடுத்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று ஆயாக்கொட்டகை. விடியற்காலை அம்மா பெரட்டுக்கு ஓட வேண்டும். எட்டு வயது அக்காவோ ஒன்பது வயது அண்ணனோதான் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிப்போய் ஆயாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகும். அந்தப் பாரம் பிள்ளைகள் தலையில் விழுந்தது சரியென்று நான் சொல்லவில்லை. வறுமையால் வந்தது அது. ஆனால் பேசத் தெரியாத ஒரு குழந்தை எதற்காக அழுகிறது, பசியா, வயிற்று வலியா, கொசுக்கடியா என்று தினமும் கண்டுபிடித்தாக வேண்டிய பிள்ளைக்கு, அடுத்தவர் முகத்தைப் படிக்கும் பழக்கம் தானாக வந்தது. 1996இல் தோரந்தோவில் மேரி கோர்டன் என்ற அம்மையார் ஒரு திட்டம் தொடங்கினார். பக்கத்து வட்டாரத்துக் கைக்குழந்தையை அதன் பெற்றோரோடு பள்ளி வகுப்பறைக்கு அழைத்துவந்து, பச்சைத் துணியை விரித்துப் படுக்கவைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ‘இந்தப் பாப்பாவுக்கு இப்போது என்ன தோன்றுகிறது?’ என்று ஆண்டு முழுக்கக் கேட்பார்கள். அந்த வகுப்புகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைவதாக ஆய்வுகள் சொல்ல, பல நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. நம் பிள்ளைகள் இடுப்பு வலிக்கச் செய்ததைத்தான் அங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இன்று தோட்டங்கள் எங்கே? நீலாய்ப் பக்கமும் செண்டாயான் பக்கமும் போய்ப் பாருங்கள். ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்பானது. நம் மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் வந்துவிட்டார்கள். கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டில் யார் என்று தெரியாது. பிள்ளையின் கையில் குழந்தை இல்லை, கைப்பேசி இருக்கிறது. கைப்பேசியில் முகம் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டு நாற்பது பேர் சிரிக்கும் முகத்தைத் தட்டினால், எதிர்ப்பக்கத்தில் அந்தப் பிள்ளை குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுவது நாற்பதில் ஒருவருக்கும் தெரிய வழியில்லை. சிரிப்பு முகத்தைத் தட்டிய நாற்பது பேரும் நான் சொன்ன அந்தப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் மனதைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கெட்டிக்காரத்தனமாகப் பகடிவதை செய்யும் பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். யாரை எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்று அறிந்துதான் தொடுகிறான். அப்பா இல்லாத பிள்ளையிடம் அப்பாவைப் பற்றியும், தடித்த பிள்ளையிடம் சாப்பாட்டைப் பற்றியும் பேசுவது தற்செயல் இல்லை. தெரிந்தது உறுத்த வேண்டும். அந்த உறுத்தல் வீட்டில், பெரியவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் வருகிறது. வேலைக்காரப் பெண்ணிடம் எப்படிப் பேசுகிறோம், பெட்ரோல் நிலையத்து வங்காளதேசத் தம்பியை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைப் பிள்ளை கார்ப் பின்னிருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறது.

பரிவு என்றதும், அடித்தவனையும் புரிந்துகொள், மன்னித்துவிடு என்று அடிபட்ட பிள்ளையிடம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடித்தவன் வீட்டில் என்ன பிரச்சினை என்று புரிந்துகொள்வது என்னைப் போன்ற ஆலோசகரின் வேலை, பெரியவர்களின் வேலை. அடிபட்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது, தான் சொல்வதை ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்பது. தேதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். பள்ளிக்குப் போய் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்; பள்ளி அசையவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. மிரட்டியும் இழிவுபடுத்தியும் ஒருவரை வதைப்பது, இணையத்தில் செய்தாலும், குற்றம். பிள்ளை தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் பேச்சைப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். தாலியான் காசே 15999 எந்த நேரமும் இருக்கிறது. ‘வெளியே தெரிந்தால் மானம் போகும்’ என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

மற்றபடி தாய்மார்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும், எத்தனை மார்க்கு, என்ன வீட்டுப்பாடம் என்று கேட்கிறோம். அதோடு, “இன்னைக்கு ரெஸ்ட் நேரத்துல யாராவது தனியா உட்கார்ந்திருந்தாங்களா?” என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் தெரியாது என்பான். இரண்டாம் நாளும் தெரியாது என்பான். கேட்டுக்கொண்டே இருந்தால், நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவாவது மூன்றாம் நாள் திரும்பிப் பார்ப்பான். ஒரு பெயரோடு வருவான். அதன் பிறகு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். மறுநாள் உணவுப் பெட்டியில் ஒரு கரிப்பாப் கூடுதலாக வையுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. செயலவையில் பேசி முடிவாகியிருக்கிறது. நம் சனிக்கிழமை இலவச டியூசன் வகுப்பில் இனி ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒவ்வொருவரிடமும் ஓர் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையை ஒப்படைக்கப் போகிறோம். கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும், அழுதால் ஏன் என்று கேட்டு எனக்கு வந்து சொல்ல வேண்டும். ரொஹிங்யா பிள்ளைகள் ஆறு பேரும் சேர்கிறார்கள். அவர்களைத் தனியாக ஒரு மேசையில் உட்கார வைக்கப் போவதில்லை. எந்தப் பெற்றோருக்காவது அதில் ஆட்சேபம் இருந்தால் இன்று சாப்பாட்டுக்கு முன்பே என்னிடம் நேரில் சொல்லிவிடலாம். பதிவுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பிள்ளையின் முழுப் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பட்டப்பெயர் வேண்டாம்.

வஸ்ஸலாம்.